காலட் துரையும் காலடிப்பேட்டையும்

சென்னைமாநகரின் வடபால், இராயபுரத்தையும் தண்டையார்ப்பேட்டையையும் கடந்து திருவொற்றியூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஒற்றியூர்த் தேரடியை அணுகுதற்கு முன்னரே காலடிப்பேட்டை என்னும் பகுதி இருத்தலை நம் சங்கத்து அன்பர் பலரும் அறிவர். அங்கே உறவினர் இல்லம் உடையாரும், அங்கு எழுந்தருளியுள்ள கலியாண வரதராசப் பெருமாளை வழிபட்டு மீண்டாரும் நம்முள் பலர். ஆயினும், அவ்வூர்க்கு அப்பெயர் வந்தவாறு யாது என வினவின், விடை கூற வல்லார் மிகச் சிலரே. யாம் பாடம் கற்பிக்கும் வகுப்பில் ஒருநாள் இவ்வினாவை மாணாக்கரிடம் நிகழ்த்தினோம். ஒருவன், பெருமாள் தம் திருவடியை முதற்கண் ஊன்றிய இடம் ஆதலின் அப்பெயர் பெற்றது என்றான். மற்றொருவன், சங்கராசாரியர் பிறந்த மலையாள நாட்டுக் காலடியிலிருந்து வந்தோர் குடியேறிய ஊர் என்றான். கடைசி வரிசையில் இருந்த ஒருவன், காலாடிகள் திரிந்த இடம் போலும் என்று கூற, வகுப்பு முழுதும் நகைத்தது. மூவர் கூறியனவும் சொல்லளவில் பொருந்துவனவே, வரலாற்றளவில் பொருந்தா. காலடி என்பது ஈண்டுக் காலும் அன்று, அடியும் அன்று; ஓர் ஆங்கிலேயர் பெயரின் திரிபு. ஜோசப் காலட் என்பது அவர் பெயர். அவர் கி.பி. 1717 முதல் 1720 வரை சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்தவர். காலட் பேட்டை என்பதே நம் மக்கள் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று.

வெள்ளைக்காரத் துரை ஒருவர் வரலாற்றை நம் சங்க இதழில் எழுதுவானேன் எனச் சிலர் ஐயுறக்கூடும். காலடிப்பேட்டை நெசவாளர்க்கென்றே எழுந்த ஊர். தறியைத் தாயாகவும் பாவினைத் தந்தையாகவும் கொண்டு வாழ்ந்த முன்னோர்வழி வந்த நமக்கு, நெசவுக்குடிகள் ஓர் எல்லைப்புறத்தில் சென்று ஊர் அமைத்த வரலாறு அயலார் வரலாறு ஆகாது. அதனை அறிதற்கு அவ்வூர்க்குப் பெயர் தந்தவர் வாழ்க்கையும் வேண்டப்படுகின்றது. ஆதலின் இதனை எழுதப் புகுந்தோம்.

ஜோசப் காலட் இங்கிலாந்தில் ஹெர்ட்போர்டுஷயர் என்னும் நாட்டுப்பகுதியில் ஹிட்சின் என்னும் ஊரில் 1673-ஆம் ஆண்டில் பிறந்தவர். அவர் குடும்பத்தார் கிறித்து சமயத்தினரே யாயினும், அந்நாட்டு அரசர் தழுவிய சபையைச் சார்ந்தவரல்லர். பாப்டிஸ்டு என்னும் பிரிவினர். இவ்வேறுபாடு இக்காலத்தார்க்குச் சிறிதாகத் தோன்றலாம். அக்காலத்திலோ, அரசர் சபையைச் சாராதார்க்கு இங்கிலாந்தில் அரசாங்கப் பதவிகளின் வாயில் சட்டத்தாலேயே அடைக்கப்பட்டிருந்தது. ஆதலின் அத்தகையோர் பலர் வணிகத்தில் புகுந்தனர். காலட்டும் வணிகரானார். அவ்வணிகம் அவரைக் கைவிட்டது. கடன் மிக்கது, கொடுத்தற்குப் பொருளில்லை. முப்பத்தெட்டாம் அகவையை அணுகிய நிலையில், தம் மக்களைச் சுற்றத்தாரிடம் ஒப்புவித்துவிட்டு, கிழக்கிந்தியக் கும்பினியாரை அடுத்து, கீழ்க்கடலுக்கு அப்பால் ஒரு வேலை வேண்டினார். சுமத்திராத் தீவின் மேல்கரையில் பெங்கூலன் என்னுமிடத்தில் கும்பினியார்க்கு மிளகு வாணிகத்தின்பொருட்டு ஒரு கொத்தளம் இருந்தது. அதற்குத் துணைக் கவர்னராக 1711-இல் அவரை அனுப்பினர். வெப்பு நோயும் வயிற்றுக்கடுப்பும் வெள்ளையரை விரைந்து வாரிக்கொண்டு போன இடம் அது. நல்வாழ்வுடையார் எவரும் விரும்பிச் செல்லார். கடனாளி சென்றார்.

தீயூழ் வழியிலும் அவரை விட்டிலது. அவர் ஏறிய மரக்கலம் தென்னமெரிக்காவில் பிரேசில் நாட்டு ரியோ துறைமுகத்தில் தங்கியிருந்த வேளையில், டுகே துருவேன் என்னும் பிரெஞ்சுக் கடற்றலைவர் பெரும்படையுடன் வந்து அத்துறைமுக நகரத்தையே கைப்பற்றினார். ஆங்கிலர் கப்பலும் அகப்பட்டது. மீட்புப்பணம் கொடுத்தே அதனை மீட்டுக்கொண்டனர். இக்கப்பற்செய்தியில் தமிழராகிய நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. தரங்கம்பாடியில் இருந்த சீகன்பால்கு ஐயர்க்கென்று இலண்டன் சபையார் அனுப்பிய அச்சுப்பொறியும் இவ்வாண்டுப் பயணத்திலேயே சென்று, ரியோவில் பிரெஞ்சுக்காரர் கையில் அகப்பட்டு, மீண்டு, 1712-இல் சென்னை வந்து சேர்ந்தது. அதனுடன் புறப்பட்ட அச்சுத்தொழிலாளி மட்டும் நன்னம்பிக்கை முனைக்கு அணித்தே நோயால் இறந்தொழிந்தார். பிற்றை ஆண்டுகளில் தரங்கம்பாடியில் தமிழ் நூல்கள் அச்சேறத் தொடங்கின. கடற்கொள்ளையில் அந்தப் பொறி கடலடியிற் போயிருந்தால் தமிழ் அச்சின் வரலாறு சிறிது பிற்பட்டிருக்கும். தமிழாசிரியராகிய எமக்கு இதனைக் கூறாது செல்ல மனம் வரவில்லை.

நிற்க. காலட் பெங்கூலனை அடைந்து நான்காண்டுகள் இருந்தார். பழைய கொத்தளமாகிய யார்க் கோட்டை சேற்றுநிலத்தில், நோய்க்கு இடமாக இருத்தலைக் கண்டு, அதனின் நீங்கி உயர்ந்த மேட்டில் புதியதொரு கோட்டை எடுக்கத் தொடங்கினார். அதற்கு மார்ல்பரோ கோட்டை எனத் தம் நாட்டுப் படைத்தலைவர் பெயரையே இட்டனர். அது வன்மை மிக்க கோட்டை. இன்றும் சுற்றுலாச் செல்வார் கண்டு வியக்க நிற்பது. அந்நாட்டுச் சிற்றரசரை அவர் தம் மேற்பார்வையிலுள்ள சிறார்போல் எண்ணி நடத்தினார் என்பது அவர் தம் வீட்டார்க்கு எழுதிய கடிதங்களால் விளங்குகின்றது. அக்கடிதங்கள் 1933-இல் நூலாகவும் வெளிவந்தன. தம் ஆட்சித் திறத்தைத் தாமே மெச்சிக்கொள்ளும் குணம் அவர்பால் இருந்தது என்பதை மறைத்தற்கில்லை. தம் உருவத்தைச் சீனச் சிற்பி ஒருவரைக்கொண்டு களிமண்ணாற் செய்வித்து, வண்ணந் தீட்டி, தம் மகளுக்கு அனுப்பினார். 1716-ஆம் ஆண்டிட்ட அப்பாவை மூன்றடிக்குச் சற்றுக் குறைந்த உயரமுடையது. இலண்டன் தேசியப் படிமக் காட்சிச்சாலையில் இன்றும் உள்ளது. பொய்ம்முடியும் நீண்ட மேற்சட்டையும் அணிந்து நிற்கும் பாவை அது. தந்தையின் முகத்தை ஐந்தாண்டுகளாகக் காணாத பெண் அப்பாவையைக் கண்டு மகிழ்ந்தாளோ அழுதாளோ அறியோம். அதனைச் செய்வித்தவரிடம் செருக்கோடு அன்பும் இருந்தது என்பது மட்டும் தெளிவு.

1716-இல் அவர் சென்னைக்கு வந்தார். அடுத்த ஆண்டு சனவரித் திங்களில் எட்வர்டு ஹாரிசன் என்பார்க்குப் பின் கவர்னர் பதவி ஏற்றார். தம் நாட்டில் ஒரு சிற்றூரின் பதவிக்கும் ஆகாதார் என ஒதுக்கப்பட்ட சபையினர் ஒருவர், ஈண்டு ஒரு நகரத்தின் தலைவரானார்.

அக்காலத்துச் சென்னையின் எல்லை எவ்வளவிற்று என்பதை இங்கு அறிதல் வேண்டும். இன்று வடக்கே எண்ணூர்வரையில் இடைவெளி இன்றி வீடும் ஆலையும் நிற்கக் காண்பவர், அன்றைய நிலையை எளிதில் மனத்திற் கொள்ளார். 1639-இல் தாமல் நாயகர்பால் பெற்ற கடற்கரைத் துண்டு நிலமே கும்பினியாரின் முதற்பொருள். 1640-இல் கோட்டை தொடங்கிற்று. கோட்டைக்கு வடக்கே நெசவாளரும், வணிகரும், படகோட்டிகளும் நிறைந்த கறுப்புப் பட்டணம் எழுந்தது. 1693-இல் எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்ப்பேட்டை என்பன சேர்ந்தன. தண்டையார்ப்பேட்டைக்கு அப்பால் மொகலாயர் நாடு. அஃதாவது, இன்று நாம் கால்மணி நேரத்தில் கடக்கும் வழியில் அன்று ஓர் அரசின் எல்லை முடிந்து மற்றோர் அரசின் எல்லை தொடங்கிற்று. 1702-இல் நவாபு தாவூத்கான் படையொடு வந்து சென்னையை மூன்று திங்கள் வளைத்திருந்தான். பின் அவனே நட்பினனாகி, 1708-இல் திருவொற்றியூர், சாத்தங்காடு, கத்திவாக்கம், வியாசர்பாடி, நுங்கம்பாக்கம் என்னும் ஐந்தூர்களைத் தாமசு பிட்டு என்னும் கவர்னருக்கு அளித்தான். எண்ணூரை அடுத்த கத்திவாக்கமும் உட்பட வடகரை முழுதும் இங்ஙனம் கும்பினியார் கைக்கு வந்தது. வந்தது நிலைத்திலது. 1711-இல் நாடாண்டார் அவ்வூர்களை மீளப் பறித்துக்கொண்டனர்.

திருவொற்றியூர் புதிய ஊர் அன்று. ஆதிபுரீசுவரரும் வடிவுடையம்மையும் எழுந்தருளிய பழம்பதி. சுந்தரமூர்த்தி நாயனார் சங்கிலியாரை மணந்த தலம். கலிய நாயனார் பிறந்து விளக்கெரித்த இடம். பட்டினத்தடிகள் சமாதி கொண்ட கடற்கரை. சோழர் கல்வெட்டுகள் நிறைந்தது. இத்துணைப் பழைமையுடைய ஊரும் அந்நாளில் இரண்டு அதிகாரங்களுக்கு இடைப்பட்டு, இன்று ஒருவர்க்கு வரி, நாளை மற்றொருவர்க்கு வரி என அலைக்கழிந்தது. எல்லையில் உள்ள நிலத்தின் குணம் அது. உழுபவன் விதைப்பான், அறுப்பவன் யார் என்பது அவனுக்குத் தெரியாது.

இந்நிலையில் தில்லியில் ஒரு நிகழ்ச்சி நேர்ந்தது. கும்பினியார் சார்பில் சான் சர்மன் என்பார் தலைமையிற் சென்ற தூதுக்குழுவில் வில்லியம் ஹாமில்டன் என்னும் மருத்துவர் இருந்தார். அவர் மொகலாயச் சக்கரவர்த்தி பரூக்சியரின் நோயைத் தீர்த்தார். சக்கரவர்த்தி மகிழ்ந்து, நெடுநாள் தாழ்த்தியிருந்த பர்மானை 1717-இல் வழங்கினான். சென்னையை அடுத்த ஐந்தூர்களையும் கும்பினியார்க்கு உறுதிசெய்தது அப்பர்மான். கோட்டையில் பீரங்கி முழங்கிற்று, நகரெங்கும் பறையறைந்தனர்.

எனினும் தில்லி அரசன் எழுத்தினால் திருவொற்றியூர் வயல் கைக்கு வந்துவிடாது. அவ்வூர்களைக் குத்தகைக்கு எடுத்திருந்த தயாராமன் என்பான் விட்டுக்கொடுக்க மறுத்தான். காலட் துரை ஆட்களை அனுப்பி ஊர்களில் கும்பினிக் கொடியை நாட்டினார். 1717-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தயாராமன் குதிரையும் காலாளும் கொண்டு திருவொற்றியூரை வந்து பற்றினான். கோட்டையிலிருந்து சான் ரோச்சு என்னும் படைத்தலைவன் சிறு படையுடன் சென்று பொருது, அவர்களைத் துரத்தினான். இவ்வெற்றிக்காக அவனுக்குப் பொற்பதக்கமும் மேஜர் பதவியும் தந்தனர். போர் பெரிதன்று, பாரதப் போர் அளவு யாம் இதனை விரித்தல் நகைக்கிடமாகும். ஆயினும், வடசென்னையின் எல்லை எண்ணூர் நோக்கி நகர்ந்தது அந்நாளின் பின்னரே.

போரிற் பெற்ற நிலத்தை எங்ஙனம் காப்பது? பெங்கூலனில் கோட்டை கட்டியவர், திருவொற்றியூரில் கோட்டை கட்டவில்லை. நெசவாளரை அழைத்தார். இதுவே காலட் வாழ்வில் யாம் கருதத்தக்கதாகக் கொள்ளும் செயல்.

கும்பினியார் சென்னையில் இருந்ததே துணிக்காக. நெடுந்துணி, சலம்பூர், மூரி எனப் பல பெயரின வெள்ளைத்துணிகளும், பூவும் கொடியும் தீட்டிய சித்திரத்துணிகளும் கப்பல்தோறும் சீமைக்குச் சென்றன. அவற்றைப் பெறும் முறை இது: கும்பினியார் வணிகரிடம் முன்பணம் கொடுப்பர், வணிகர் உள்நாட்டு ஊர்களில் தரகர் வாயிலாக நெசவாளர்க்குக் கொடுப்பர், நெய்த துணி வணிகர் வழியே கோட்டைப் பண்டசாலைக்கு வரும். ஆண்டு மாதிரித் துணியோடு ஒப்பிட்டு, நயம், நடுத்தரம், மட்டம் எனப் பிரிப்பர். கப்பல் புறப்படும் காலத்தில் துணி வாராவிடின் வாணிகம் கெடும். மொகலாயர் படையும் மராட்டியர் படையும் உள்நாட்டில் மாறி மாறித் திரிந்த காலம் அது. வழியில் சுங்கச்சாவடிகள் பல. முன்பணம் பெற்ற ஊர் ஒரே இரவில் வெறிதாய்ப் போதலும் உண்டு. ஆதலின் நெசவாளரைக் கோட்டையின் கண்பார்வைக்குள்ளேயே குடியேற்ற வேண்டும் என்பது கும்பினியார் நெடுநாளாகக் கொண்ட எண்ணம்.

நகரத்துள்ளே இடமில்லை, இருந்த இடத்திலும் அமைதியில்லை. வலங்கை இடங்கைப் பூசல்கள் கறுப்புப் பட்டணத்தைப் பலமுறை கலக்கின. 1707-இல் எழுந்த பூசலில் ஒரு சாரார் வீட்டையும் கடையையும் பூட்டிவிட்டுச் சாந்தோமுக்கே சென்றுவிட்டனர். எந்தத் தெருவில் எவர் மணவூர்வலம் செல்வது என்பதைத் தீர்த்துவைப்பதிலேயே கவர்னர்கள் பலர் பொழுது கழிந்தது. நம் முன்னோர் இதனால் இழந்தது சிறிதன்று. புதிய ஊரில் தெருவும் புதியது. பழம்பூசல் உடன் வாராது எனக் காலட் எண்ணியிருப்பாராயின், அஃது அறிவுடைய எண்ணமே.

நெசவு ஊர் எப்படி இருக்கவேண்டும் என்பதை நம் இல்லத்துப் பெரியோர் அறிவர்; இளையோர் பொருட்டுச் சிறிது கூறுவோம். குழித்தறிக்கு ஈரம் காக்கும் தரை வேண்டும். நூல் வறண்டால் இழை அறும். கடற்காற்று அதற்குத் துணை. பாவு ஓட்டிக் கஞ்சி தோய்த்துக் குச்சு இழுத்து உலர்த்தற்கு நீண்ட நேரான தெருவும், வெயில் கடுகாமல் மரநிழலும் வேண்டும். ஒரு பாவின் நீளத்திற்குத் தடையின்றி இருபுறமும் ஆள் நடக்க இயலாத தெரு நெசவாளர்க்குத் தெருவன்று. வெளுப்பதற்கு நல்ல நீரும் விரிப்பதற்கு மணல்வெளியும் வேண்டும். சித்திரத்துணி தீட்டுவார்க்குச் சாயவேர் வேண்டும். அது கடற்கரை மணலில் விளைவது. வேலை செய்வோர் பொழுதும் கையும் குறையாமல் உழைக்க, நெல்லும் எண்ணெயும் விற்கும் கடைகள் அடுத்து வேண்டும். மாலையில் விளக்கேற்றி வணங்க ஒரு கோயில் வேண்டும். இவை அனைத்தும் திருவொற்றியூர்க்குத் தெற்கேயுள்ள அம்மணற்பரப்பில் அமையக்கூடியனவாக இருந்தன.

1719-ஆம் ஆண்டளவில் பேட்டை எழுந்தது. நெசவாளரும் சித்திரத்துணி எழுதுவாரும் குடியேறினர். கும்பினியார் கணக்கு, வீடுகள் 104, கடைகள் 10, கோயில் 1, மக்கள் 489 எனக் காட்டுகின்றது. இக்கணக்கை முதன்முறை கண்டபோது யாம் நெடுநேரம் அதனையே நோக்கியிருந்தோம். ஒரு வீட்டிற்கு ஐவர்க்குக் குறைவு. பெரிய கூட்டுக்குடும்பங்கள் அல்ல என்பது இதனால் விளங்கும். முதியோரை ஊரில் விட்டு, இளங்கணவன் மனைவியர் ஓரிரு மக்களோடு வந்திருத்தல் வேண்டும் என ஊகித்தல் தவறாகாது. எல்லைப்புறத்துக்கு முதலிற் செல்வார் எக்காலத்தும் அத்தகையோரே. 489 பேரில் ஒருவர் பெயரும் அக்கணக்கில் இல்லை. கவர்னர் பெயரை ஊருக்கு இட்டனர். அவ்வூர்க் குழியில் கால் தொங்கவிட்டு நெய்தவர் பெயரை எண்ணாக எழுதினர்.

அவ்வாண்டிலேயே கடலுக்கு அப்பால் நிகழ்ந்த இரண்டு செய்திகளை ஈண்டு இணைத்துக் காணுதல் வேண்டும்.

ஒன்று, இலண்டனில் நிகழ்ந்தது. அந்நகரத்து ஸ்பிட்டல்பீல்ட்ஸ் என்னும் பகுதியில் பட்டும் கம்பளியும் நெய்வார் ஆயிரக்கணக்கினர் வாழ்ந்தனர். இந்தியத் துணியின் மென்மையிலும் நிறம் மங்காத பூவேலையிலும் அந்நாட்டு மகளிர் மயங்கவே, இவர்தம் தொழில் படுத்தது. 1719-இல் அந்நெசவாளர் கூட்டமாய்த் தெருவிற் புகுந்து, இந்தியச் சித்திரத்துணி உடுத்து வரும் பெண்களின் ஆடையைக் கிழித்தும் அதன்மேல் மை தெளித்தும் கலகம் விளைத்தனர். 1721-இல் சித்திரப் பருத்தித்துணி உடுத்தலையே தடைசெய்யும் சட்டம் பிறந்தது. காலடிப்பேட்டையில் ஒரு சித்திரக்காரர் கடுக்காய்ச் சாற்றில் தோய்த்த துணியின்மேல் கொடி எழுதிக்கொண்டிருந்த அதே வேளையில், அவர் முகமும் அறியாத மற்றொரு தொழிலாளி பசியால் அத்துணியைக் கிழித்துக்கொண்டிருந்தான். இருவரும் கைத்தொழிலாளரே. இடையில் ஊதியம் கொண்டவர் வேறு. இதனை யாரையும் பழித்தற்காகக் கூறவில்லை. ஊடும் பாவும் போல உலகம் பின்னப்பட்டிருந்த தன்மையைக் காட்டவே கூறினோம்.

மற்றொன்று, பெங்கூலனில் நிகழ்ந்தது. காலட் அரும்பாடுபட்டுத் தொடங்கிய மார்ல்பரோ கோட்டைமேல் அந்நாட்டு மக்கள் 1719-இல் கிளர்ந்தெழுந்தனர். ஆங்கிலர் கோட்டையைக் கைவிட்டுக் கப்பலேறி ஓடினர். சில ஆண்டுகள் கழிந்த பின்னரே மீள வர முடிந்தது. கோட்டையும் பீரங்கியும் காத்த ஊர் வெறிதாயிற்று. மணல்மேட்டில் தறியும் கடையுமாய் எழுந்த பேட்டை நிலைத்தது. சென்னையின் கோட்டைப்படை அணித்தே இருந்தது என்பது உண்மையே. ஆயினும் பேட்டையில் உள்ளார் தம் வீட்டைக் காக்கவே அங்கிருந்தனர் என்பது அதனினும் பெரிய காரணம் என்பது எம் கருத்து.

இனிக் கோயிலைப்பற்றி ஊரார் வழங்கும் வரலாற்றைக் கூறுவோம். காலட் துரையிடம் வீரராகவர் என்னும் வைணவர் பணிபுரிந்தார். அவர் காஞ்சி வரதராசரிடம் ஆராப் பற்றுடையவர். அப்பெருமாளை வணங்கிய பின்னரே வேலைக்கு வருவார். அதனாற் காலம் தாழ்ப்பார். ஒருநாள் துரை சினந்து, அத்துணை உறுதியான பக்தராயின் இந்நேரத்தில் காஞ்சியில் என்ன நடக்கின்றது எனச் சொல்ல முடியுமா என வினவினார். வீரராகவர் கண்மூடி, பெருமாள் தேர் வீதியில் ஓடாது நின்றுவிட்டது என்றார். துரை நாழிகையைக் குறித்துக்கொண்டு ஆளனுப்பி விசாரித்தார். சொல்லியது சொல்லியவாறே நடந்திருந்தது. வியந்த துரை, அவர் நெடுந்தொலை செல்லாது இங்கேயே வழிபடுமாறு வரதராசர்க்குக் கோயில் எடுப்பித்தார். இவ்வாறு பெருந்தேவித் தாயாரோடு பெருமாள் இங்கு எழுந்தருளினார் என்பர்.

காஞ்சி இங்கிருந்து நாற்பத்தைந்து மைலுக்குக் குறையாது. நாடோறும் சென்று மீளுதல் குதிரைக்கும் அரிது. ஆதலின் கதையின் ஒவ்வொரு சொல்லையும் அளவுகோலிட்டு அளத்தல் தகாது. ஆயினும் 1719-ஆம் ஆண்டுக் கணக்கில் 104 வீட்டுக்கு நடுவே கோயிலும் ஒன்று எண்ணப்பட்டிருத்தலை மறத்தலாகாது. கோயில் இல்லா ஊரில் குடியிருத்தலை நம்மவர் வேண்டார் என்பதை, கோயிலே இல்லாத சமயப்பிரிவிற் பிறந்த அவர் உணர்ந்திருந்தார். அதே துரைதான் 1717-இல் தரங்கம்பாடிப் பாதிரிமார் கறுப்புப் பட்டணத்தில் தமிழ்ச் சிறுவர்க்கென ஒரு தருமப் பள்ளிக்கூடம் தொடங்கவும் இசைவளித்தவர். சமயத்தின்பொருட்டுத் தம் நாட்டில் ஒதுக்கப்பட்ட துன்பம் அவருக்கு இதனைக் கற்பித்தது என யாம் எண்ணுவோம். வாணிகம் கற்பித்தது என்று பிறர் எண்ணினும் மறுக்க மாட்டோம். இரண்டும் கலந்திருத்தல் மனித இயல்பு.

இத்துணைப் புகழ் கூறிய யாம் மற்றொரு பக்கத்தையும் கூறாதொழிதல் நேர்மையாகாது. கும்பினிச் சம்பளத்தால் எவரும் செல்வராயினாரல்லர். கவர்னர் உள்ளிட்ட அனைவரும் தம் சொந்தக் கணக்கில் கடல்வாணிகம் செய்தனர். கும்பினியாரே அதற்கு இடந்தந்திருந்தனர். காலட்டும் அவ்வாறே செய்து பொருள் திரட்டினார். அப்பொருளைக்கொண்டு சீமையில் தாம் பட்டிருந்த கடன்களைத் தீர்த்தார். ஓடிப்போன கடனாளியாக இறவாது, கொடுத்துத் தீர்த்தவராக ஊர் திரும்பினார். கடனுக்கு அஞ்சிக் கடல்கடந்தவர் கடன் தீர்த்தது போற்றத்தக்கதே. ஆனால் பேட்டைக்கு வந்த நெசவாளர் கதை அவ்வாறன்று. முன்பணம் என்பது நெசவாளர்க்குக் கடனே. துணி கழிக்கப்பட்டாலும், பருத்தி விலை ஏறினாலும், மழை பெய்து தறிக்குழியில் நீர் புகுந்தாலும் அது வளரும். ஒரு கடனாளி அமைத்த ஊரில் வேறு பல கடனாளிகள் வாழ்ந்தனர். அவர்க்கு ஏறிப்போகக் கப்பல் இல்லை.

1720-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் காலட், பிரான்சிசு ஹேஸ்டிங்ஸ் என்பாரிடம் பதவியை ஒப்புவித்துச் சீமைக்குக் கப்பலேறினார். பேட்டை எழுந்து ஓராண்டும் முற்றுப்பெற்றிருக்குமோ என்பது ஐயம். தம் பெயர் தாங்கிய ஊரில் முதற்றலைமுறைக் குழந்தைகள் நடக்கத் தொடங்கியதையும் அவர் கண்டிரார். தம் பிறப்பூர்க்கு அணித்தே ஹெர்ட்போர்டு நகரத்துக் கோட்டைமனையில் வாழ்ந்து, 1725-இல், ஐம்பத்திரண்டாம் அகவையளவில் இறந்தார். அரசர் சபையைச் சாராதாரைப் புதைக்கும் பன்ஹில் பீல்ட்ஸ் என்னும் இலண்டன் இடுகாட்டில் அவரை அடக்கம் செய்தனர். மில்லியன் கணக்கில் மக்கள் வாழும் அப்பெருநகரத்தில் அவர் பெயரை அறிந்தார் அரியர்.

அவர் தொடங்கிய முறையை மற்றவர் பின்பற்றினர். 1734-இல் மார்ட்டன் பிட்டு என்னும் கவர்னர் சுங்குராமச் செட்டியார் தோட்டமாக இருந்த நிலத்தில், கூவம் வளைந்தோடும் இடத்தில், நெசவாளர்க்கென்றே சின்னத்தறிப்பேட்டையை அமைத்தார். இன்றைய சிந்தாதிரிப்பேட்டை அதுவே. அதன் நீண்ட தெருக்களை இன்றும் காணலாம். அதற்குப் பதினைந்து ஆண்டு முன்னையது காலடிப்பேட்டை என்பதை வரலாறு எழுதுவார் பலர் மறந்துவிடுகின்றனர். வடசென்னை என்றால் புகையும் உப்பும் மீனும் என்று கருதுவார்க்கு இங்கும் தெருவமைத்து வாழ்ந்தார் உண்டு என்பது தோன்றுவதில்லை போலும்.

பின்னர் நிகழ்ந்தவற்றை விரைந்து கூறி முடிப்போம். 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர்; 1749-இல் மீட்டனர். ஐதரலியின் குதிரைப்படை சுற்றுப்புற ஊர்களை அச்சுறுத்திய நாளும் வந்தது. பேட்டை எல்லாவற்றையும் கடந்து நின்றது. கடக்க முடியாது போனது லங்காஷயர் ஆலைத்துணி ஒன்றே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் துணி அங்குச் செல்வது நின்று, அவர் துணி இங்கு வரலாயிற்று. தறிகள் ஒவ்வொன்றாய் அடங்கின. 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா வரையில் தென்னாட்டின் முதற் புகைவண்டி ஓடிற்று. துறைமுகமும் தீப்பெட்டித் தொழிற்சாலையும் இயந்திரச் சாலைகளும் வடகரையில் நிரம்பின. தறியில் இருந்தவர் பேரர் ஆலைச்சங்குக்கு எழுந்து ஓடுவாராயினர். எல்லைப்புறம் நகரத்தின் நடுவாயிற்று.

சென்ற ஆண்டு யாம் பெருமாளை வணங்கச் சென்றபோது, கோயிலுக்கு அணித்தே ஒரு பழைய வீட்டுத் திண்ணையில் இருந்த முதியவர், தம் பாட்டனார் காலத்தில் அத்தெருவில் பாவு ஓடியதைத் தாம் சிறுவயதிற் கேட்டதாகச் சொன்னார். தறிக்குழி இருந்த இடம் எனத் தம் வீட்டுக் கூடத்தின் ஒரு மூலையைச் சுட்டினார். அது சிமிந்தி பூசி மூடப்பட்டு, அதன்மேல் தையற்பொறி ஒன்று வைக்கப்பட்டிருந்தது. காலட் என்னும் பெயரை அவர் கேள்வியுற்றதில்லை. யாம் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டு, காலடி என்பதே நல்ல பெயர், அதனையே இருக்க விடுங்கள் என்னும் கருத்துப்படச் சிரித்தார்.

2021-ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்களில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர்வரை மெட்ரோ இரயில் நீண்டது. தண்டையார்ப்பேட்டை, புதுவண்ணாரப்பேட்டை, சுங்கச்சாவடி என்பவற்றை அடுத்து வரும் நிலையத்தின் பலகையில் காலடிப்பேட்டை என்றே எழுதியிருக்கின்றனர்.